நாகர்கோவிலில் வாடகைக்கு விட வீடு வாங்கலாமா? முதல்முறை வாங்கும் இளைஞர்கள் கவனிக்க வேண்டியவை

வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருஷம், கையில் கொஞ்சம் சேமிப்பு. "நாகர்கோவில்ல ஒரு வீடு வாங்கி விட்டா, லோனை வாடகையே அடைச்சிடும்" என்று நினைக்கும் இளைஞர்கள் பலர். உண்மையில் அப்படி நடக்குமா?

கணக்கு என்ன?

உதாரணத்துக்கு, வீட்டின் விலை 30 லட்சம் ரூபாய். 24 லட்சம் கடன், 8.5% வட்டி, 20 வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 20,800 ரூபாய். வாடகை 10,000 வந்தால், மீதி சம்பளத்திலிருந்துதான் போகும். கைப்பணம் 6 லட்சம் போக, முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2% என இன்னும் 2.7 லட்சம் தேவை.

ஒத்தி இருக்கிறதா?

குமரி மாவட்டத்தில் ஒத்தி பழைய வழக்கம். மொத்தமாகப் பணம் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருப்பார்கள். காலி செய்யும்போது பணத்தைத் திருப்பித் தர வேண்டும். சட்டப்படி ஒத்தியைப் பதிவு செய்ய வேண்டும். பதியாமல் வெறும் பத்திரத்தில் எழுதிக்கொண்டால், வில்லங்கச் சான்றில் அது தெரியாது. கிரயம் முடிந்த பிறகு, "என் ஒத்திப் பணம் வந்தால்தான் இறங்குவேன்" என்று ஒருவர் நிற்கலாம். எனவே வீட்டில் யார் இருக்கிறார், எந்த அடிப்படையில் இருக்கிறார் என்று நேரில் போய்க் கேளுங்கள்.

வாடகைக்கு விடும்போது?

2019 பிப்ரவரி 22 முதல் அமலில் உள்ள தமிழக வாடகைச் சட்டப்படி, எழுத்துப்பூர்வ ஒப்பந்தமும் அதன் பதிவும் அவசியம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லாவிட்டால், அட்வான்ஸ் 3 மாத வாடகையைத் தாண்டக் கூடாது.

கடைசியாக ஒரு கேள்வி: வீடு ஆறு மாதம் காலியாகக் கிடந்தாலும் தவணை கட்ட முடியுமா? முடியும் என்றால் மட்டும் டோக்கன் அட்வான்ஸ் கொடுங்கள்.