பெருக்கினால் 840, கிளினிக்கில் நடந்தால் பூஜ்யம்

ஆய்வேடு கொடுக்கும் தேதி நெருங்கிவிட்டது போலிருக்கிறது. பல் மருத்துவ மாணவர்களின் கடிதங்களில் திரும்பத் திரும்ப ஒரே கேள்வி: "கொரோனா ஊரடங்கில் பல் டாக்டர்களின் உடலுழைப்பு குறைந்ததா, கூடியதா? படிவம் தரும் எண்ணை நம்பலாமா?"

2020 மார்ச் 24 அன்று மத்திய அரசு போட்ட ஊரடங்கு உத்தரவு கிளினிக்குகளை மூடச் சொல்லவில்லை. காகிதத்தில் அவை திறந்தே இருந்தன. ஆனால், பல்லைக் குடையும் ஏரோட்டர் சுழன்றால் எச்சில் திவலை அறையெங்கும் பறக்குமே என்ற பயத்தில் நாற்காலிகள் காலியாயின. மே 19 அன்று வந்த சுகாதார அமைச்சக வழிகாட்டுதல், அவசரமில்லாத சிகிச்சை எல்லாவற்றையும் தள்ளிவைக்கச் சொன்னது. வாடகை மட்டும் அவசரமாகவே இருந்தது.

இனி படிவத்துக்கு வருவோம். உடலுழைப்பை அளக்க உலகெங்கும் புழங்கும் ஐ.பி.ஏ.க்யூ. படிவத்தின் சுருக்க வடிவம், கடந்த 7 நாட்களில் செய்ததைக் கேட்கிறது. நடைக்கு 3.3, மிதமான உழைப்புக்கு 4, கடும் உழைப்புக்கு 8 என்று மதிப்பு வைத்து, நிமிடங்களால் பெருக்குகிறது. நிபந்தனை ஒன்று உண்டு: ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்திருக்க வேண்டும்.

வில்லங்கம் இங்கேதான். நாற்காலியிலிருந்து எக்ஸ்ரே, அங்கிருந்து ஆட்டோகிளேவ், வரவேற்பு என்று ஒரு டாக்டர் தினம் 20 தடவை, தடவைக்கு 3 நிமிடம் நடக்கிறார் என்று வையுங்கள். வாரம் 6 நாளுக்கு மதிப்பெண் 1,188 வர வேண்டும். படிவத்தில் பூஜ்யம். அதே டாக்டர், வீட்டு வேலைக்கு வரும் அக்கா வரமுடியாத நாட்களில் தினம் அரை மணி நேரம் பெருக்கித் துடைக்கிறார். 30 பெருக்கல் 7 பெருக்கல் 4: 840. தினம் செய்து 600-ஐ எட்டினால் 'மிதமான' வகுப்பில் சேர்த்துவிடுவார்கள். ஆக, கிளினிக் வெறிச்சோடியதில் போன நடை கணக்கில் ஏறியதே இல்லை. துடைப்பம் மட்டும் ஏறியது. எனக்கென்னவோ, இது டாக்டரின் உடம்பை விட அவர் வீட்டுத் தரையைத்தான் அளக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், 2020 நவம்பரில் உலக சுகாதார நிறுவனமே தன் பரிந்துரையிலிருந்து அந்த 10 நிமிட விதியை எடுத்துவிட்டது. படிவம் எடுக்கவில்லை.

இனி, மிச்சமிருக்கும் சில சில்லறைக் கேள்விகள். உட்கார்ந்திருந்த நேரம்? தனியாகக் கேட்பார்கள், மதிப்பெண்ணில் சேராது.

ஜிம்? கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வெளியே திறக்க 2020 ஆகஸ்ட் 5 முதல்தான் மத்திய அனுமதி.

நினைவிலிருந்து சொல்வது சரியாக இருக்குமா? பெரும்பாலும் கூட்டித்தான் சொல்கிறோம்.

குனிந்தே வேலை செய்து பிடித்துக்கொண்ட கழுத்து? அதற்குப் படிவத்தில் கட்டமே இல்லை.