நத்தைக்கு ஒரு சங்கம்

பொதட்டூர்பேட்டை வட்டாரத்து ஏரிகள் மழையை நம்பியவை. கோடையில் ஏரி வற்றினாலும் உள்ளே இருக்கும் நத்தைகள் எல்லாம் செத்துப்போவதில்லை. சேற்றுக்குள் இறங்கி, காலோடு ஒட்டியிருக்கும் மூடியால் ஓட்டின் வாயை இறுக அடைத்துக்கொள்கின்றன. தண்ணீருக்குள் மூச்சுவிடச் செவுள், வெளியே மூச்சுவிட நுரையீரல் அறை என இரண்டும் இவற்றுக்கு உண்டு. மழை விழுந்து மண் இளகியதும் மேலே வந்து ஊரத் தொடங்கிவிடும். 'பைலா' என்பது அறிவியலில் இவற்றின் பெயர்.

நத்தை, சங்கு, சிப்பி, கணவாய் எல்லாமே மெல்லுடலிகள். பூச்சியும் நண்டும் அடங்கிய கணுக்காலிகளுக்கு அடுத்து, விலங்குகளில் பெரிய தொகுதி இதுதான்.

இவற்றை ஆராய்வதற்கென்றே 1893இல் லண்டனில் ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. அதன் ஆய்விதழ் இன்றும் வேறு பெயரில் வந்துகொண்டிருக்கிறது. 1897 முதல் 1899 வரை சங்கத் தலைவராக இருந்த ஹென்றி காட்வின்-ஆஸ்டன், இமயமலையை அளந்த நில அளவை அதிகாரி. கே2 சிகரத்தின் அடியிலுள்ள பனியாறு அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. அளக்கப் போன மலைகளில் நத்தையும் பொறுக்கினார். சென்னை மாகாண வனத்துறையில் இருந்த கர்னல் பெடோம் தென்னிந்தியக் காடுகளில் சேகரித்த நத்தைகளும் அவர் மேசைக்குப் போயின. ஓட்டை மட்டும் நம்பாமல், உடலை அறுத்து உள்ளுறுப்புகளை ஒப்பிட்டே இனம் பிரித்தார்.

அவருக்கு முந்தைய தலைமுறை நத்தை அறிஞர் வில்லியம் பென்சன், வங்காளத்தில் அரசு அதிகாரி. மொரீஷியஸிலிருந்து உயிருள்ள ஆப்பிரிக்க ராட்சச நத்தைகளைக் கொண்டுவந்தார். 1847இல் அவை கல்கத்தாவின் சௌரங்கி பகுதித் தோட்டம் ஒன்றில் விடப்பட்டன. அப்புறம் அவற்றைப் பிடித்து நிறுத்த யாராலும் முடியவில்லை. இன்று தமிழ்நாடு, கேரளம் உட்படப் பல மாநிலங்களில் வாழை, பப்பாளி, காய்கறிப் பயிர்களை மேய்கின்றன. மூளைக்காய்ச்சல் வரவழைக்கும் எலி நுரையீரல் புழுவையும் இவை சுமக்கக்கூடும்.

இனம் பிரிக்கத் தெரிவதன் பயன் தோட்டத்தில்தான் தெரியும். நம் ஏரி நத்தையின் ஓடு உருண்டை, வாயில் மூடி இருக்கும். ஆப்பிரிக்க நத்தையின் ஓடு நீண்டு கூம்பியது, பழுப்பு வரிகள் கொண்டது, மூடி கிடையாது. முன்னதை ஏரியிலேயே விட்டுவிடுங்கள். பின்னதைக் கண்டால் வெறுங்கையால் தொட வேண்டாம். கையுறை போட்டு எடுத்து, கெட்டியான உப்புக்கரைசலில் போட்டுவிடுங்கள்.