கணையத்தோடு எலும்பு பேசுகிறதா?

1996இல் ஜெரார்டு கார்சென்டி என்ற மரபியல் ஆய்வாளரின் குழு, அமெரிக்காவில் ஒரு புதுவகைச் சுண்டெலியை உருவாக்கியது. எலும்பைக் கட்டும் செல்கள் ஆஸ்டியோகால்சின் என்றொரு சின்னப் புரதத்தைச் சுரக்கின்றன. எலும்பில் கொலாஜனுக்கு அடுத்தபடியாக அதிகம் கிடைக்கும் புரதங்களில் அதுவும் ஒன்று. அந்தப் புரதத்துக்கான மரபணுக்களை எலியிலிருந்து நீக்கிவிட்டார்கள். இவ்வளவு முக்கியமான சரக்கு இல்லாமல் போனால் எலும்பு பொடிந்துபோகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது நேர்மாறு. எலும்பு கூடியது. அதைவிட விசித்திரம், எலிகளின் வயிற்றில் கொழுப்பு சேர்ந்திருந்தது.

எலும்புப் புரதத்துக்கும் தொப்பைக்கும் என்ன சம்பந்தம்?

விடை வர 11 ஆண்டுகள் ஆயின. கார்சென்டி அதற்குள் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு வந்துவிட்டார். கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன், மூளை வழியாக எலும்பு வளர்ச்சிக்குக் கடிவாளம் போடுகிறது என்று 2000இல் அவருடைய குழு காட்டியது. கொழுப்பு எலும்புக்கு உத்தரவு போடுமானால், எலும்பு பதில் சொல்லாமலா இருக்கும் என்பது அவருடைய வாதம். அதில் நியாயமும் இருந்தது. நம் எலும்பு ஒரு முறை வளர்ந்து அப்படியே நின்றுவிடுவதில்லை. உடம்பு அதை ஓயாமல் இடித்து, ஓயாமல் கட்டுகிறது. வளர்ந்த ஒருவரின் எலும்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் புதிதாகிறது. இத்தனை வேலைக்கும் சக்தி வேண்டும். அந்தச் சக்தியைப் பங்கிடும் முறையில் எலும்புக்கும் ஒரு குரல் இருக்க வேண்டும் என்று அவர் நம்பினார்.

2007இல் ‘செல்’ ஆய்விதழில் அந்தக் குரல் பதிவானது. ஆஸ்டியோகால்சின் இல்லாத எலிகளுக்கு ரத்தச் சர்க்கரை ஏறியிருந்தது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் குறைந்திருந்தன. சுரந்த இன்சுலினும் சரியாக வேலை செய்யவில்லை. ஆஸ்டியோகால்சினுக்குத் தடைபோடும் ஈஎஸ்பி என்ற மரபணுவை நீக்கிய எலிகளிலோ எல்லாம் தலைகீழ்: சர்க்கரை குறைவு, கொழுப்பு குறைவு, பீட்டா செல்கள் ஏராளம். பீட்டா செல்களை எலும்புச் செல்களோடு ஒரே கிண்ணத்தில் வளர்த்தாலே இன்சுலின் சுரப்பு கூடியது. அதுவரை உடம்பைத் தாங்கும் சட்டமாகவும் கால்சியக் கிடங்காகவும் மட்டுமே பாடப்புத்தகங்களில் இருந்த எலும்பு, திடீரென்று ஒரு நாளமில்லாச் சுரப்பி ஆகிவிட்டது.

2010இல் கதை இன்னும் இறுகியது. அதே இதழில் கார்சென்டி குழுவும், தாமஸ் கிளெமென்ஸ் தலைமையில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழுவும் தனித்தனியே எழுதின. இன்சுலின் எலும்பைக் கட்டும் செல்களிலும் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதும் அவை, பக்கத்தில் எலும்பை அரிக்கும் செல்களின் மீதான பிடியைத் தளர்த்துகின்றன. அரிக்கும் செல்கள் தாம் தோண்டும் குழியில் அமிலத்தைக் கொட்டுகின்றன. எலும்பில் கிடக்கும் ஆஸ்டியோகால்சின் அந்த அமிலத்தில் பட்டு, தன்மேல் இருக்கும் கார்பாக்சில் குழுக்களை இழக்கிறது. வைட்டமின் கே உதவியால் ஏறிய குழுக்கள் அவை. அவை இருக்கும்வரை புரதம் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு எலும்போடு ஒட்டிக்கிடக்கும். இழந்ததும் விடுபட்டு ரத்தத்தில் கலக்கிறது, கணையத்துக்குப் போகிறது, இன்னும் இன்சுலின் கேட்கிறது. இன்சுலின் எலும்புக்கு, எலும்பு கணையத்துக்கு என்று ஒரு சுற்று முழுதாக மூடிவிட்டது.

இவ்வளவு அழகாக மூடும் சுற்றுகளைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். உயிரியல் இத்தனை ஒழுங்கானதல்ல.

மனிதர்களிடம் வந்தபோது ஒழுங்கு குலைந்தது. முதல் சிக்கல், எலியில் தடைபோட்ட ஈஎஸ்பி மரபணு மனிதரில் செயலற்றுக் கிடக்கிறது. வேறொரு நொதி அந்த வேலையைச் செய்கிறது என்று கார்சென்டி தரப்பு விளக்கியது. இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ளவர்களின் ரத்தத்தில் ஆஸ்டியோகால்சின் குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் கண்டன. அது உண்மை. ஆனால் எது காரணம், எது விளைவு? ஏறிய சர்க்கரையே எலும்பைக் கட்டும் செல்களை மந்தமாக்கும். செல் மந்தமானால் அது சுரக்கும் புரதமும் குறையத்தானே செய்யும்?

இதைவிட நல்ல சோதனை ஒன்று எதேச்சையாக நடந்திருந்தது. எலும்புப்புரைக்குத் தரும் அலென்ட்ரோனேட், ஜோலெட்ரோனிக் அமிலம், டெனோசுமாப் ஆகிய மருந்துகள் எலும்பு அரிப்பை நிறுத்துபவை. அரிப்பு நின்றால் அமிலக் குழி இல்லை, ஆஸ்டியோகால்சின் விடுபடாது. எலிக் கதை மனிதருக்கும் பொருந்துமானால், இந்த மருந்து எடுக்கும் பெண்களுக்குச் சர்க்கரை நோய் கூடியிருக்க வேண்டும். மாதவிடாய் நின்ற ஆயிரக்கணக்கான பெண்களிடம் நடந்த மூன்று பெரிய மருந்துச் சோதனைகளின் தரவுகளை ஆன் ஷ்வார்ட்ஸ் என்ற ஆய்வாளரின் குழு 2013இல் திரும்ப அலசியது. சர்க்கரையும் ஏறவில்லை, எடையும் பொருட்படுத்தும் அளவுக்கு ஏறவில்லை, புதிதாக நோய் வந்தவர்களும் கூடவில்லை.

வைட்டமின் கே கதையும் இப்படித்தான் மக்கர் செய்கிறது. அது கூடினால் ஆஸ்டியோகால்சின் எலும்போடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே இன்சுலின் வேலை கெட வேண்டும். ஆனால் பாஸ்டனில் நடந்து 2008இல் வெளியான ஓர் ஆய்வில், மூன்று ஆண்டுகள் வைட்டமின் கே எடுத்த முதிய ஆண்களுக்கு இன்சுலின் எதிர்ப்பு மட்டுப்பட்டது. பெண்களுக்கு எந்த மாற்றமும் இல்லை.

பெரிய அடி 2020இல் விழுந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கும் வான் ஆண்டல் நிறுவனத்திலும், ஜப்பானின் நாகசாகி பல்கலைக்கழகத்தில் தோஷிஹிசா கொமோரியிடமும் தனித்தனியே புது எலிகள் உருவாயின. இரண்டிலும் ஆஸ்டியோகால்சின் இல்லை. இரண்டிலும் சர்க்கரை சரியாக இருந்தது. அந்தப் புரதத்தின் வேலை வேறு என்றார் கொமோரி: எலும்பின் தாதுப் படிகங்களைக் கொலாஜன் இழைகளுக்கு இணையாக வரிசைப்படுத்துவது. எலியின் இனம் வேறு, வளர்த்த விதம் வேறு என்று மறு தரப்பு வாதாடுகிறது. வழக்கு இன்னும் முடியவில்லை.

எலும்பு ஹார்மோன் சுரக்கிறது என்பதில் மட்டும் சண்டை இல்லை. ரத்தத்தில் பாஸ்பேட்டின் அளவைச் சிறுநீரகத்துக்குச் சொல்லும் எஃப்ஜிஎஃப்23 எலும்பிலிருந்துதான் வருகிறது. பசியை அடக்கும் லிப்போகாலின்-2 எலும்பிலிருந்து மூளைக்குப் போவதாக 2017இல் எலிகளில் கண்டார்கள். சர்க்கரைக்கான எலும்பு ஹார்மோன் என்ற பதவிதான் காலியாகவே இருக்கிறது. ‘எலும்பு ஹார்மோனைத் தூண்டி சுகரைக் குறைக்கும்’ என்று யாராவது மாத்திரை விற்றால், வாங்குவதற்கு இப்போதைக்கு ஆதாரம் இல்லை.

இந்தப் பரபரப்பில் எதிர்த்திசை மறைந்துபோனதுதான் எனக்கு வருத்தம். எலும்பு சர்க்கரையைக் கட்டுப்படுத்துகிறதா என்பது தெரியாது. சர்க்கரை எலும்பைக் கெடுக்கிறது என்பது நன்றாகவே தெரியும். கட்டுக்குள் வராத சர்க்கரை நோயில் எலும்பு நலிவதை அமெரிக்க மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட் 1948லேயே குறித்துவைத்தார். இன்சுலின் அறவே சுரக்காத முதல் வகை நோயாளிக்கு இடுப்பு எலும்பு முறியும் ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு. இன்சுலின் எலும்பையும் வளர்ப்பது. அது இல்லாத உடம்பில் எலும்பு மெலிவதைப் புரிந்துகொள்ளலாம்.

புரியாதது இரண்டாம் வகை. டெக்ஸா ஸ்கேனில் இவர்களுடைய எலும்பு அடர்த்தி சராசரியாகவும், பல நேரம் சராசரிக்கு மேலாகவும் இருக்கும். பருமனான உடம்பைச் சுமந்த எலும்பு அல்லவா? ஆனாலும் முறிவு ஆபத்து கூடுதல். அளவு இருக்கிறது, தரம் இல்லை.

தரம் கெடுவதற்கான வேதியியல் நம் சமையலறையில் தினமும் நடக்கிறது. தோசை சிவப்பது, மாவிலுள்ள சர்க்கரையும் புரதமும் சூட்டில் பிணைவதால். ஏறிய ரத்தச் சர்க்கரை, கொலாஜன் புரதத்தோடு அதே மாதிரி பிணைகிறது. சூடு குறைவு என்பதால் ஆண்டுக்கணக்கில் மெதுவாக. பிணைந்த கொலாஜன் வளைந்துகொடுக்கும் தன்மையை இழந்து மொறமொறப்பாகிறது. எலும்பைப் புதுப்பிக்கும் வேகமும் சர்க்கரையில் குறைந்துவிடுவதால், கெட்ட கொலாஜன் அகலாமல் அங்கேயே தங்குகிறது. தாதுவை மட்டும் எடைபோடும் டெக்ஸா ஸ்கேனுக்கு இது எதுவும் தெரியாது.

எலும்பு அப்படி என்றால், விழுவதற்கான காரணங்களும் இவர்களுக்கு அதிகம். மரத்துப்போன பாதம், மங்கிய பார்வை, இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுவது, மருந்து கூடி லோ சுகர் ஆகித் தலை சுற்றுவது. பாத்ரூம் ஈரத்தில் வழுக்கினால் போதும்.

மருந்தும் சில நேரம் சேர்ந்துகொள்கிறது. 2006இல் வெளியான ‘அடாப்ட்’ சோதனையில் ரோசிகிளிட்டசோன் என்ற சர்க்கரை மருந்தை எடுத்த பெண்களில் 9.3 சதவீதம் பேருக்கு எலும்பு முறிந்தது. மெட்ஃபார்மின் எடுத்தவர்களில் 5.1 சதவீதம் பேருக்கு. எலும்புச் செல்லாக வேண்டிய மூலச் செல்களை இந்த மருந்து மஜ்ஜையில் கொழுப்புச் செல்லாக்கிவிடுகிறது. இதயச் சிக்கல் காரணமாக ரோசிகிளிட்டசோன் 2010இல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. அதன் பங்காளியான பயோகிளிட்டசோன் இன்னும் நம் மருந்துக்கடைகளில் இருக்கிறது. பயந்து நிறுத்த வேண்டியதில்லை. எலும்பு முறிந்த, வயதான பெண்மணிக்கு அது வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

கேட்க வேண்டியவர்கள் கொஞ்ச பேர் இல்லை. சென்னை மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஐசிஎம்ஆர் ஆய்வு 2023இல் சொன்ன கணக்கு: நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை. தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களில் 14.4 சதவீதம். ஆனால் சுகர் டாக்டர் பாதத்தைப் பார்க்கிறார், கண்ணுக்கு எழுதிக்கொடுக்கிறார், எலும்பைத் தொடுவதில்லை. எலும்பு டாக்டரோ ஆபரேஷனுக்கு முன்னால் சுகர் எவ்வளவு என்று மட்டும் கேட்கிறார்.

அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2024இல்தான் தன் வழிகாட்டலில் எலும்புக்கு ஒரு தனிப் பகுதி ஒதுக்கியது. மற்றவர்களுக்கு டெக்ஸா ஸ்கேன் தரும் எலும்பு அடர்த்தி எண்ணான டி-ஸ்கோர் மைனஸ் 2.5 வந்தால் சிகிச்சை என்பது வழக்கம். சர்க்கரை உள்ளவருக்கு மைனஸ் 2.0இலேயே யோசிக்கச் சொல்கிறது. 65 வயது தாண்டியவர்களும், அதற்கு முன்பே எலும்பு முறிந்தவர்களும் இந்த எண்ணைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

முறிவு ஆபத்தைக் கணக்கிட உலகமெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்தும் ஃப்ராக்ஸ் என்ற கணிப்பான், 2008இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் பிறந்தது. வயது, எடை, புகைப்பழக்கம், பெற்றோருக்கு இடுப்பு முறிந்ததா என்றெல்லாம் அதில் கட்டங்கள் உண்டு. இரண்டாம் வகைச் சர்க்கரைக்குத் தனிக் கட்டம் வைக்கவில்லை. நிபுணர்கள் இதற்கு ஒரு குறுக்குவழி சொல்லித்தருகிறார்கள்: நோயாளிக்கு முடக்குவாதம் இல்லாவிட்டாலும் முடக்குவாதக் கட்டத்தில் டிக் அடித்துவிடுங்கள், கணக்கு ஓரளவு சரியாக வரும்.