காத்திருக்கும் நேரத்தில் ஓடும் சாளரம்

பைத்தான் நிரல்மொழியின் கட்டளைத் திரையில் ஒரு வரைபடம் கேட்கிறோம். தனிச் சாளரம் திறந்து வரைபடம் வருகிறது. மவுஸால் அதை நகர்த்தலாம், பெரிதாக்கலாம். உடனே கட்டளைத் திரைக்குத் திரும்பி, கோட்டைச் சிவப்பாக்கச் சொல்லித் தட்டெழுதினால் அங்கே கோடு சிவக்கிறது. தரவுகளோடு பேசிப் பேசியே ஆராய்பவர்களுக்கு இது பெரிய வரம். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளை ஆராய்ந்த ஜான் ஹன்டர், மேட்பிளாட்லிப் என்னும் வரைபடத் தொகுப்பை உருவாக்கியதும் இத்தகைய வேலைக்காகத்தான்.

இது எளிதில் அமைந்த வசதி அல்ல. சாளரம் உள்ள எந்த நிரலும் உள்ளே ஓயாமல் சுழல்கிறது. மவுஸ் அசைந்தது, பொத்தான் அழுந்தியது, மேலே கிடந்த சாளரம் விலகியது என்று வரும் செய்திகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கவனித்துவிட்டு அடுத்த செய்திக்குக் காத்திருக்கும். நிகழ்வுச் சுழல் என்பது இதுதான். கட்டளைத் திரையும் ஒரு சுழலே: ஒரு வரியை வாங்கும், இயக்கும், விடை காட்டும், மறுபடி காத்திருக்கும். ஒன்று ஓடினால் மற்றொன்றுக்கு இடமில்லை. கட்டளைத் திரை தன்பாட்டுக்குக் காத்திருந்தால் சாளரம் உறைந்து கிடக்கும்.

ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் இழைகளாக, ஆளுக்கொன்று கொடுத்துவிடலாமே என்று தோன்றும். பெர்னாண்டோ பெரஸ் 2001-இல் தொடங்கிய ஐபைத்தான் என்னும் மேம்பட்ட கட்டளைத் திரை முதலில் அப்படித்தான் செய்தது. ஆனால் சாளரத் தொகுப்புகள் பெரும்பாலும் ஒரே இழையிலிருந்து வரும் அழைப்புகளைத்தான் ஏற்கும். மேக் கணினியில் அது முதன்மை இழையாகவே இருந்தாக வேண்டும். இழைகள் குறுக்கிட்டால் நிரல் முறிந்து விழும். 2011-இல் வந்த 0.11 பதிப்போடு ஐபைத்தான் அந்த வழியைக் கைவிட்டது.

அதற்குப் பதிலாக வந்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. நாம் யோசிக்கும் நேரமெல்லாம் கட்டளைத் திரைக்கு வெறும் நேரம். அதைச் சாளரத்துக்குக் கொடுத்தால் போதும். பைத்தானின் உட்கருவில் பைஓஎஸ் இன்புட்ஹூக் என்று ஒரு சுட்டி இருக்கிறது. அதில் ஒரு செயற்கூறின் முகவரியை வைத்துவிட்டால், நம் உள்ளீட்டுக்காகக் காத்திருக்கும்போதெல்லாம் பைத்தான் அதை அழைக்கும். லினக்ஸில், தட்டெழுதும் வரியை வாங்கித் தரும் ரீட்லைன் நூலகத்தோடு ஓடும்போது, விசை எதுவும் வராவிட்டால் 0.1 விநாடிக்கு ஒருமுறை இந்த அழைப்பு போகும். டிகே என்னும் சாளரத் தொகுப்பின் செயற்கூறு அப்போது தன் நிகழ்வுச் சுழலை ஓட்டும்; விசைப்பலகையையும் நிகழ்வுகளில் ஒன்றாகச் சேர்த்துக் கண்காணிக்கும். நாம் ஒரு விசையைத் தொட்டதும் சுழலை நிறுத்திப் பொறுப்பைத் திருப்பித் தந்துவிடும். இழை ஒன்றுதான், இரண்டு வேலையும் நடக்கிறது.

ஒரு குறை உண்டு. நீண்ட கணக்கு ஓடும்போது கட்டளைத் திரை காத்திருப்பதில்லை. அதனால் அழைப்பும் போகாது, சாளரம் அசையாது. அப்போது நிரல் கெட்டுவிட்டதென்று மூடிவிடாதீர்கள். கணக்கைச் சிறு சிறு சுற்றுகளாகப் பிரித்து, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மேட்பிளாட்லிப்பின் பாஸ் (pause) கட்டளையைச் சேர்த்துப் பாருங்கள். அந்தச் சிறு இடைவெளியில் சாளரம் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.