பாலிக்குப் பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

2024 நவம்பரில் இந்தோனேசியாவின் புளோரெஸ் தீவில் லெவோடோபி லாக்கி-லாக்கி எரிமலை சீறியது. பாலித் தீவு அங்கிருந்து பல நூறு கிலோமீட்டர் மேற்கே இருக்கிறது. ஆனாலும் காற்றில் பரவிய சாம்பலால் பாலிக்கான விமானங்கள் ரத்தாயின. கோலாலம்பூர் சேவைகளும் தப்பவில்லை. 2017 நவம்பரில் பாலியிலேயே உள்ள ஆகோங் எரிமலை குமுறியபோது தீவின் விமான நிலையமே மூடப்பட்டது. இப்படி மாட்டிக்கொள்ளும் குடும்பத்துக்கு எழும் கேள்விகள் மூன்று. கூடுதல் இரவுகளுக்கு விடுதிக் காசு யார் தருவது? டிக்கெட் பணம் திரும்ப வருமா? யாரிடம் போய்க் கேட்பது? மூன்றுக்கும் பதில் உண்டு. அந்தப் பதில், பணம் கட்டிய நாளில் நீங்கள் கையில் வாங்கிய ஆவணங்களில் இருக்கிறது.

தெரிந்தவர் என்றாலும் உரிமம் கேளுங்கள்

சுங்கை பூலோவிலும் சுற்றுவட்டாரத்திலும் வாழும் பல குடும்பங்களுக்கு முதல் வெளிநாட்டு விடுமுறை என்றால் நினைவுக்கு வருவது பாலி அல்லது தாய்லாந்தின் புக்கெட். பாலிக்கு மூன்று மணி நேரப் பயணம்தான். மலேசியர்களுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை. பள்ளி விடுமுறை நெருங்கியதும் புலனக் குழுக்களில் விளம்பரம் வரத் தொடங்கும்: நான்கு நாள், மூன்று இரவு, பத்து இடம் மட்டுமே, இன்றே முன்பணம். அனுப்புபவர் பெரும்பாலும் கோயிலில் பார்த்தவர், வேலையிடத்து நண்பர், உறவினரின் உறவினர். ‘நம்ம ஆள்தானே’ என்று ரசீதுகூடக் கேட்காமல் பணத்தை அனுப்பிவிடுகிறோம்.

1992-ஆம் ஆண்டின் சுற்றுலாத் தொழில் சட்டப்படி, பயணத் தொகுப்பு விற்பவர் சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமத்திலும் வகை உண்டு. உள்நாட்டுச் சுற்றுலாவுக்கு மட்டும் அனுமதி பெற்றவர் உங்களைப் பாலிக்கு அழைத்துப்போக முடியாது. உரிம எண்ணைக் கேட்டு வாங்கி, அது இன்னும் செல்லுபடியாகிறதா என்று அமைச்சிடம் சரிபாருங்கள்.

அடுத்து வங்கிக் கணக்கு. பணம் நிறுவனத்தின் பெயரிலுள்ள கணக்குக்குப் போக வேண்டும். தனிநபர் கணக்கைக் கொடுத்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கு எண் மோசடிப் புகார்களில் சிக்கியதா என்பதைக் காவல்துறையின் ‘செமாக் மியூல்’ தளத்தில் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். கடன் அட்டையில் கட்டினால் இன்னொரு பாதுகாப்பும் உண்டு: சேவை கிடைக்காவிட்டால் பணத்தைத் திருப்பக் கோரி வங்கியிடம் முறையிடலாம்.

ரசீதில் விமான நிறுவனம், விடுதியின் பெயர், தேதி, சேரும் செலவு, சேராத செலவு, ரத்து நிபந்தனை எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். ‘பணம் திருப்பித் தரப்படாது’ என்று அச்சிட்டிருந்தாலும், வாக்களித்த சேவையையே தராதவர் அதைக் காட்டித் தப்ப முடியாது. நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகளுக்கு எதிரான பாதுகாப்பு 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் 2010-இல் சேர்க்கப்பட்டது.

புறப்படும் முன்

கடப்பிதழ் பயண நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். டிக்கெட்டில் உள்ள பெயர் கடப்பிதழில் உள்ளபடியே இருக்கட்டும். ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ சேர்ப்பதில் குழப்பம் இருந்தால் பணம் கட்டும் முன்பே விமான நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விமான நிலையத்தில் போய்த் தெரிந்துகொள்ளக் கூடாத செய்தி ஒன்று உண்டு. திவாலானவர் என்று அறிவிக்கப்பட்டவர் அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியேற முடியாது. வருமானவரி பாக்கிக்காகவும் பயணத் தடை விதிக்கப்படலாம். யாருக்கோ உத்தரவாதக் கையெழுத்துப் போட்டு அதனால் திவாலானவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். உங்கள் பெயரில் தடை இருக்கிறதா என்பதைக் குடிநுழைவுத் துறையின் இணையச் சேவையில் அடையாள அட்டை எண்ணைக் கொண்டு முன்கூட்டியே பாருங்கள்.

2024 பிப்ரவரி 14 முதல் பாலி அரசு ஒவ்வொரு வெளிநாட்டுப் பயணியிடமும் 150,000 ரூப்பியா வசூலிக்கிறது. தாய்லாந்துக்குப் போவோர் 2025 மே 1 முதல் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்கும் தளம் போலியானது.

‘டிக்கெட்டும் விடுதியும் இலவசம், இந்தப் பையை மட்டும் அங்கே கொடுத்துவிடு’ என்று யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். இந்தோனேசியச் சட்டத்தில் போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை உண்டு. பையில் இருப்பது எனக்குத் தெரியாது என்று அங்கே நிரூபிப்பது மிகக் கடினம்.

விமானம் தாமதமானால்

மலேசிய விமானப் பயனீட்டாளர் பாதுகாப்பு நெறிமுறை 2016 முதல் நடப்பில் உள்ளது. இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் உணவு கேட்கலாம். ஐந்து மணி நேரத்தைத் தாண்டி இரவு தங்க நேர்ந்தால் விடுதியும் போக்குவரத்தும் கேட்கலாம். 2024 செப்டம்பர் 2 முதல், ஐந்து மணி நேரத் தாமதத்துக்குப் பயணத்தையே கைவிட்டுப் பணத்தைத் திரும்பப் பெறவும் வழி உண்டு. நீங்கள் எந்த வழியில் கட்டினீர்களோ அதே வழியில், 30 நாளுக்குள் அது வர வேண்டும். பற்றுச்சீட்டைத் திணிக்க முடியாது. விமானம் ரத்தானால் முழுப் பணமா, மாற்று விமானமா என்று தேர்ந்தெடுப்பது உங்கள் உரிமை.

பெட்டி சேதமானால் 7 நாளுக்குள், தாமதமாக வந்தால் கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள். விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே முகப்பிடத்தில் பதிவு செய்து படமும் எடுத்துக்கொள்வது நல்லது.

காப்புறுதியும் வாடகை மோட்டார் சைக்கிளும்

எரிமலைச் சாம்பலால் நீளும் இரவுகளுக்கும் மருத்துவமனைச் செலவுக்கும் கைகொடுப்பது பயணக் காப்புறுதி. ஆனால் அது எதற்குப் பணம் தராது என்ற பகுதியை முதலில் படியுங்கள். 2019 தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு நீரிழிவு. ஏற்கெனவே உள்ள நோயால் வரும் செலவைப் பல திட்டங்கள் ஏற்பதில்லை. காப்புறுதி நிறுவனம் கேட்கும் கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள். நோயை மறைத்தால் பின்னால் கோரிக்கை நிராகரிக்கப்படலாம்.

பாலியில் தெருவுக்குத் தெரு மோட்டார் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். கடப்பிதழைக் காட்டினால் போதும், சாவி கைக்கு வந்துவிடும். ஆசியான் நாடுகள் தங்களுக்குள் ஓட்டுநர் உரிமங்களை ஏற்கும் உடன்பாடு 1985-இல் கையெழுத்தானது உண்மைதான். ஆனால் காருக்கான ‘டி’ உரிமம் மட்டும் உள்ளவருக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டும் தகுதி இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. ‘பி2’ உரிமம் இல்லாமல், அல்லது தலைக்கவசம் அணியாமல் விழுந்து கால் முறிந்தால், காப்புறுதி நிறுவனம் கைவிரிக்க அதுவே போதுமான காரணம். அறுவைச் சிகிச்சைச் செலவு முழுவதும் குடும்பத்தின் தலையில் விழும். ‘பி2’ உள்ளவர் சாலைப் போக்குவரத்து இலாகாவில் அனைத்துலக ஓட்டுநர் அனுமதியும் எடுத்துக்கொள்வது நல்லது. இல்லாதவர் வாடகைக் காரில் போகட்டும்.

கடல், நாய், சாராயம்

2018 ஜூலை 5 அன்று புக்கெட் அருகே ‘ஃபீனிக்ஸ்’ சுற்றுலாப் படகு புயல் அலையில் மூழ்கி 47 பேர் இறந்தனர். தீவின் மேற்குக் கடல் மே முதல் அக்டோபர் வரை கொந்தளிக்கும். சிவப்புக் கொடி பறந்தால் கடலில் இறங்காதீர்கள். உயிர்காப்பு மேலங்கி எல்லாருக்கும் இல்லாத படகில் ஏறாதீர்கள். பணம் கட்டியாயிற்றே என்று பார்க்காதீர்கள்.

பாலியில் 2008 முதல் வெறிநாய்க்கடி நோய் இருக்கிறது. நாயோ குரங்கோ கடித்தாலும் கீறினாலும் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். அறிகுறி தோன்றிய பிறகு இந்நோயிலிருந்து பிழைப்பது மிக அரிது.

மெதனால் கலந்த சாராயம் 2009-இல் பாலியில் உயிர்களைப் பறித்தது. 2018 செப்டம்பரில் நம் சிலாங்கூரிலும் பறித்தது. குடித்த சில மணி நேரம் கழித்துப் பார்வை மங்கினால் தூங்கப் போகாமல் மருத்துவமனைக்கு விரையுங்கள்.

பாதிப்பு நேர்ந்தால்

மோசடியில் பணம் போனது தெரிந்தவுடன் மோசடிப் புகாருக்கான 997 எண்ணையும் உங்கள் வங்கியையும் அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறும் முன் முடக்க முடிந்தால்தான் மீட்கலாம். ஆகவே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். பிறகு போலீஸ் புகார் செய்யுங்கள்.

பயண நிறுவனம் ஏமாற்றினால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடுங்கள். மனுக் கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மூன்று ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை. தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாதது குற்றம். ரசீதும் புலன உரையாடலும் வங்கிச் சீட்டும் அங்கே உங்கள் சாட்சிகள். உரிமமில்லாதவரைப் பற்றிச் சுற்றுலா அமைச்சிடமும் புகார் கொடுங்கள்.

விமான நிறுவனத்தின் மீதான குறையை முதலில் அதனிடமே எழுதுங்கள். தீராவிட்டால் மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் போகலாம். 2025 ஆகஸ்ட் 1 முதல் விமானப் பயணிகளின் குறைகளைக் கவனிப்பது அதுவே. காப்புறுதிக் கோரிக்கையை மறுத்தால், இறுதிப் பதில் வந்த ஆறு மாதத்துக்குள் நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவையிடம் இலவசமாக முறையிடலாம். பாலியில் கடப்பிதழ் தொலைந்தால் உள்ளூர்ப் போலீசில் புகார் செய்து, அதன் நகலோடு ஜக்கார்த்தாவிலுள்ள மலேசியத் தூதரகத்தைத் தொடர்புகொள்ளுங்கள்.

ஏமாந்த குடும்பங்களில் பல வாய் திறப்பதில்லை. ஏமாற்றியவர் தெரிந்தவர், நாளை அதே கோயிலில் முகம் பார்க்க வேண்டும், ஊர் என்ன சொல்லும் என்ற தயக்கம்தான் காரணம். அந்த மௌனத்தை நம்பித்தான் அதே ஆள் அடுத்த விடுமுறைக்கு அடுத்த விளம்பரத்தை அனுப்புகிறார். உரிமம் கேட்டால் நேர்மையான முகவர் கோபப்பட மாட்டார், காட்டுவார். ஏமாந்திருந்தால் வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் அல்ல. ஐந்து ரிங்கிட் கட்டி மனு செய்யுங்கள். உங்கள் பணம் திரும்பலாம். அடுத்த வீட்டாரின் பணமும் தப்பும்.