நான்கு குச்சியில் காட்டை அளந்தவர்!

"பட்டா நிலத்து வரப்பில் 200 தேக்கு நிற்கிறது. வியாபாரி மொத்தமாக விலை பேசுகிறார். மகள் கல்யாணமும் நெருங்குகிறது. எல்லாவற்றையும் வெட்டிவிடலாமா?" என்று மருங்காபுரி பகுதி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு ஜெர்மன் ஆசிரியர் இதே கேள்வியோடு பர்மா காட்டில் அலைந்தார். அவர் பெயர் டீட்ரிக் பிராண்டிஸ். 1824-ல் பான் நகரில் பிறந்து, அங்குள்ள பல்கலைக்கழகத்தில் தாவரவியல் கற்பித்தவர். 1856-ல் பெகு தேக்குக் காடுகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஆங்கில அரசு அவரிடம் கொடுத்தது. அதற்கு முன்பே டெனாசெரிம் காடுகளை மர வியாபாரிகள் வெட்டிச் சீரழித்திருந்தார்கள். பெகுவுக்கும் அந்த கதி வந்துவிடக் கூடாது என்பதே அவருடைய கவலை.

யானை மேலிருந்து கணக்கு

பிராண்டிஸ் யானை மீது ஏறிக் காட்டுக்குள் போவார். ஒரு கையில் நான்கு குச்சி, மறு கையில் பேனாக்கத்தி. மரத்தின் பருமனை வைத்து நான்கு வகை பிரித்திருந்தார். வழியில் ஒரு தேக்கைப் பார்த்தால், அதன் வகைக்குரிய குச்சியில் ஒரு வெட்டு. அந்த வெட்டுகளை எண்ணி, எந்த வகையில் எத்தனை மரம் என்று கணக்கெடுத்தார்.

அடுத்து, இரண்டாம் வகை மரம் முதல் வகையாகப் பெருக்க எத்தனை ஆண்டு ஆகும் என்று பார்த்தார். ஓர் ஆண்டில் எத்தனை மரம் பெருத்து முதல் வகைக்கு வருமோ, அந்த அளவுக்கு மேல் வெட்டக் கூடாது என்றார். வியாபாரிகள் எதிர்த்தார்கள், அவர் அசையவில்லை.

நட்டவர்களுக்கு என்ன கிடைத்தது?

கரேன் மக்கள் மலையில் காடு திருத்தி நெல் விதைப்பவர்கள். அந்த நெல்லுக்கு இடையிலேயே தேக்கையும் வளர்க்கச் சொன்னார் பிராண்டிஸ். இரண்டு மூன்று ஆண்டு பயிர் எடுத்துவிட்டு அவர்கள் வேறிடம் போவார்கள். தேக்கு நின்று வளரும். இதற்கு 'டாங்யா' முறை என்று பெயர். இன்று நாம் மரக்கன்றுகளுக்கு நடுவே கடலையும் உளுந்தும் போடுவது இதற்கு ஒன்றுவிட்ட தம்பி. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே நட்டவருக்குக் கூலி கிடைத்தது. தேக்கு அரசுக்குப் போனது.

சென்னை மாகாணத்தில்...

1864-ல் இந்தியாவின் முதல் வனத் தலைமை ஆய்வாளர் ஆனார் பிராண்டிஸ். 1878-ல் டேராடூனில் வனப் பள்ளி தொடங்கக் காரணமாக இருந்தார். அதே ஆண்டு வந்த வனச் சட்டத்தைச் சென்னை அரசு ஏற்கவில்லை. கிராம மக்கள் காலங்காலமாகக் காட்டை அனுபவித்து வருகிறார்கள், அந்த உரிமையைத் தட்டிப் பறிக்க முடியாது என்பது அதன் வாதம். 1881-ல் பிராண்டிஸ் இங்கு வந்தார். 1882-ல் சென்னை வனச் சட்டம் பிறந்தது.

சட்டத்தால் காப்புக்காடுகள் பெருகின. ஆடு மாடு மேய்த்தவர்களுக்கும் விறகு பொறுக்கியவர்களுக்கும் கெடுபிடியும் வந்தது. இதில் பிராண்டிஸுக்கும் பங்கு உண்டு. அதே பிராண்டிஸ்தான், விறகுக்கும் தழைக்கும் கலப்பை மரத்துக்கும் ஊருக்கென்று ஊர்க்காடு வேண்டும் என்றும் சொன்னார். காப்புக்காட்டு யோசனையை அரசு கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ஊர்க்காடு பெரும்பாலும் காகிதத்தோடு நின்றது.

ஏலகிரி, ஜவ்வாது, சேர்வராயன் மலைகளில் இருந்த சாமிக் காடுகளைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். அரசு வருவதற்கு முன்பே நம் ஊரார் காடு காத்தார்கள் என்பதற்கு அவை சாட்சி. 'இந்திய மரங்கள்' என்ற அவருடைய பெரிய நூல் 1906-ல் வந்தது. அப்போது அவருக்கு வயது 82. மறு ஆண்டே பானில் காலமானார்.

உங்கள் வரப்புக்கு வருவோம்

மரத்தைத் தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் நூலால் சுற்றி அளந்து, பருமன்படி நான்கு வகையாக நோட்டில் எழுதுங்கள். ஒரே நாளில் நட்டிருந்தாலும் எல்லா மரமும் ஒன்றுபோல் பெருப்பதில்லை. ஆண்டுதோறும் அதே மாதத்தில் அளந்தால் உங்கள் மண்ணின் வேகம் தெரிந்துவிடும்.

ஒரு கணக்கு: முதல் வகையில் 40 மரம் இருக்கிறது, இரண்டாம் வகை அந்தப் பருமனுக்கு வர 8 ஆண்டு ஆகும் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 5 மரம் வெட்டலாம். கல்யாணச் செலவுக்கு இந்த ஆண்டு கூடுதலாக வெட்டினால், அடுத்த ஆண்டுகளில் அந்த அளவு குறைத்துக்கொள்ளுங்கள். நெருக்கத்தில் நோஞ்சானாக நிற்பவற்றைத் தனியாகக் கழித்துவிடலாம். வெட்டிய தூரிலிருந்து தேக்கு மறுபடி துளிர்க்கும். வலுவான ஒரு துளிரை மட்டும் விட்டு மற்றதை ஒடித்துவிடுங்கள்.

வெட்டுவதற்கும் ஏற்றிச் செல்வதற்கும் என்ன அனுமதி தேவை என்று கிராம நிர்வாக அலுவலரிடமும் வனத்துறை அலுவலகத்திலும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கரேன் விவசாயிக்குக் கிடைக்காத ஒன்று உங்களிடம் இருக்கிறது: நட்ட மரம் உங்களுடையது. வியாபாரி சொல்லும் மொத்த விலைக்குத் தலையாட்டும் முன், நோட்டை எடுத்துக்கொண்டு ஒரு முறை வரப்பைச் சுற்றி வாருங்கள்.