அனுமதிக் கடிதம் வந்த பின்

வன்னியிலே நாம் அடிக்கடி சென்றுவரும் கிராமம் ஒன்றில், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவிக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்தது. அக்கிராமத்திலிருந்து பல்கலைக்கழகம் செல்லும் முதற் பெண்பிள்ளை அவள். வாழ்த்துச் சொல்வதற்கென நாம் அவ்வீட்டிற்குப் போனபோது, தாயார் முற்றத்தில் நிலக்கடலை காயவைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் மகிழ்ச்சியைக் காணவில்லை. "பிள்ளை சோதினை பாஸ் பண்ணிட்டாள் ஐயா. இனி எங்களுக்குத்தான் சோதினை" என்றார்.

நமது நாட்டில் 1945ஆம் ஆண்டிலிருந்து பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசம். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் பெயரோடு இணைந்த இந்த ஏற்பாட்டினால் எத்தனையோ ஏழைப் பிள்ளைகள் படித்து மேல்நிலைக்கு வந்திருக்கிறார்கள். ஆனால் விரிவுரைக்குக் கட்டணம் இல்லை என்பதால் பஸ்ஸும் சோறும் இலவசமாகிவிடுவதில்லை. அன்று அத்தாயார் எமக்கு விரலை மடக்கிக் காட்டிய கணக்கில் கல்விக் கட்டணம் என்று ஒன்றுமே இருக்கவில்லை. போக்குவரத்து, மெத்தை, நுளம்புவலை, இரண்டு சோடி உடுப்பு, போட்டோகொப்பி, முதல் மாதச் சாப்பாடு. விடுதி கிடைக்காவிட்டால் போர்டிங்கிற்கு முற்பணம். மடிக்கணினி பற்றி மகள் வாய் திறக்கவேயில்லையாம். அது தமக்கு இன்னும் வேதனை என்றார் தாயார்.

இவ்வாறான பிள்ளைகளுக்கென அரசு செய்துள்ள ஏற்பாடுகள் இரண்டு. ஒன்று மகாபொல புலமைப்பரிசில். வர்த்தக அமைச்சராக இருந்த லலித் அத்துலத்முதலியின் முயற்சியால் 1981ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் மூலம் இதற்கான நம்பிக்கை நிதியம் அமைந்தது. மகாபொல கண்காட்சிகளாலும் பின்னர் லொத்தர் வருமானத்தாலும் நிதி சேர்ந்தது. (லொத்தரைப் பற்றி எமக்கு வேறு அபிப்பிராயம் உண்டு. அதை இங்கே விட்டுவிடுவோம்.) இப்புலமைப்பரிசிலில் திறமைக்கென ஒரு பகுதியும், குடும்பத்தின் வசதியீனத்தைப் பார்த்துக் கொடுக்கும் பெரும் பகுதியும் உண்டு. மற்றையது, மகாபொல கிடைக்காத வசதி குறைந்த மாணவர்களுக்குப் பல்கலைக்கழகத்தினூடாக வழங்கப்படும் பேசறி எனும் உதவிக் கொடுப்பனவு. 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகவும், பேசறி 4,000 ரூபாவிலிருந்து 6,500 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டன. 7,500 ரூபாவை முப்பது நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளுக்கு 250 ரூபா. வெளிக்கடையில் ஒரு சோற்றுப் பார்சலுக்கே அது போதாத இடங்கள் உண்டு. அப்படியிருந்தும் இந்தப் பணத்தை நம்பியே படிப்பை முடித்த பிள்ளைகளை நாம் நேரில் அறிவோம். ஆகவே அதைச் சிறிதென்று ஒதுக்க எமக்கு மனம் வரவில்லை.

தொகை சிறிது என்பதைவிட எம்மைக் கூடுதலாக உறுத்துவது வேறு இரண்டு விடயங்கள்.

முதலாவது, தேவையை நிரூபிக்கும் முறை. விண்ணப்பத்தில் குடும்ப வருமானம் கேட்கப்படுகிறது. கிராம அலுவலர் உறுதிப்படுத்த வேண்டும், பிரதேச செயலாளரின் ஒப்பமும் வேண்டும். மேற்சொன்ன தாயாரிடம் மாத வருமானம் எவ்வளவு என்று கேட்டபோது அவரால் பதில் சொல்ல முடியவில்லை. பெரும்போக அறுவடைக்குப் பின் கையில் கொஞ்சக் காசு, பிறகு கடலை, பிறகு கூலிவேலை. மழை மாதங்களில் அதுவும் இல்லை. அவருடைய உழைப்பிலே மாதம் என்ற ஒன்றே கிடையாது! மலையகத் தோட்டங்களில் நிலைமை இதற்கு நேர்மாறு. அங்கே சம்பளத் துண்டு இருக்கிறது. நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. துண்டின் மேற்பகுதியிலுள்ள மொத்தத் தொகை அலுவலகக் கண்ணுக்குத் தெரியும். சேமலாப நிதியும் முற்பணமும் கழிந்து லயத்துக்கு வந்து சேருவது தெரியாது.

இன்னுமொன்று. அத்தாயாரின் கணவர் யுத்தத்தின் இறுதிக் காலத்தில் காணாமற் போனவர். "தகப்பனார் இறந்துவிட்டாரென்றால் மரணச் சான்றிதழைக் கொண்டுவாருங்கள்" என்று ஓர் அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் மனம் நோகச் சொன்னதாக நாம் நினைக்கவில்லை, படிவத்தில் உள்ளதைத்தான் கேட்டார். ஆனால் மகளின் படிப்புக்காகக் கணவர் செத்துவிட்டாரென்று கையெழுத்து வைப்பதா என்று அந்தப் பெண் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்திருக்கிறார். காணாமற் போனவர் என்று உறுதிப்படுத்தும் தனிச் சான்றிதழ் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் வந்துள்ளது என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. எமக்குத் தெரிந்திருந்தும் முன்னரே சொல்லாமல் விட்டோம். இது எமது தவறு.

இரண்டாவது விடயம் தாமதம். பிள்ளை போகும் நாளில் பணம் வருவதில்லை. விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டு, பெயர்ப் பட்டியல் வெளியாகி, வங்கிக் கணக்கில் முதற் தவணை விழுவதற்குள் மாதங்கள் கடந்துவிடுகின்றன. செலவு கூடிய காலமோ அந்த முதல் மாதங்கள்தான். இந்த இடைவெளியில்தான் தோடும் சங்கிலியும் அடைவுக்குப் போகின்றன. சில வீடுகளில், "அடுத்த வருசம் பார்ப்பம்" என்ற பேச்சும் எழுகிறது. அந்த அடுத்த வருடம் பெரும்பாலும் வருவதில்லை.

அக்கிராமத்து மாதர் சங்கத்தில் ஒரு சுழற்சிக் கடன் நிதி உண்டு. அதிலிருந்து 30,000 ரூபா கொடுக்கலாமா என்ற கேள்வி எழுந்தபோது பெரிய வாக்குவாதம் நடந்தது. "கோழி வளர்க்கக் குடுத்தால் முட்டை வரும். தையல் மெசினுக்குக் குடுத்தால் சட்டை வரும். இவள் படிச்சு எங்களுக்கு என்ன வரப்போகுது?" என்று ஓர் அம்மா நேரடியாகவே கேட்டார். உண்மையைச் சொன்னால், வருமானம் தரும் தொழிலுக்கே கடன் என்ற விதியை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நாமே. ஆகவே எமக்கு வாய் திறக்க வழியிருக்கவில்லை. கடைசியில் சங்கத்தின் பொருளாளர்தான் வழி சொன்னார். புலமைப்பரிசில் வரும்போது சில தவணைகள் சேர்ந்து வருவதுண்டு, அப்போது அரைவாசியைத் திருப்பிக் கட்டலாம், மீதியைத் தாய் கடலைக் காசில் கட்டட்டும், வட்டி வேண்டாம் என்றார். முட்டைக் கணக்குக் கேட்ட அம்மாவே முதலில் கையை உயர்த்தினார்.

உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான்: பெறுபேறு வரும்வரை காத்திராமல் பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கைத் திறந்துகொள்ளுங்கள். தம்பி தங்கையர் படிக்கும் பாடசாலைகளில் கடிதம் பெற்றுவைத்திருங்கள். கிராம அலுவலரிடம் போகும்போது எந்த மாதத்தில் என்ன வேலை, என்ன கூலி என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மகாபொல பட்டியலில் பெயர் இல்லையென்றால் சோர்ந்துவிடாமல் உடனேயே மாணவர் நலப் பிரிவில் பேசறிக்கு விசாரிக்கச் சொல்லுங்கள். வெளிநாட்டு மாமாவின் உதவி வந்தால் நல்லதுதான். அதை நம்பி அரச விண்ணப்பத்தின் இறுதித் திகதியைத் தவறவிட்ட ஒரு பையனையும் நாம் கண்டிருக்கிறோம்.

அந்தப் பிள்ளைக்கு முதற் தவணை கிடைத்தது ஐந்தாம் மாதத்தில். சங்கத்துக் கடனில் இன்னும் 6,000 ரூபா மீதி இருக்கிறது. கடந்த போகத்தில் மழை கடலையைக் கெடுத்துவிட்டது. இம்முறை அதே கிராமத்தில் இருவருக்கு வெட்டுப்புள்ளி கிடைத்திருக்கிறது. நிதியில் ஒருவருக்கு மட்டுமே போதுமான பணம் உள்ளது. வரும் ஞாயிறு பின்னேரம் மாதர் சங்கம் கூடுகிறது. எம்மையும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.